அஜக்ஸில் ஆராயப்பட்ட பிரித்தானியர்

பிரித்தானிய மக்களின் பழக்கவழக்கங்களை நேரில் கண்டு அறிக்கை சமர்ப்பிக்கும்படி அமெரிக்க எல்லை அலுவலகம் ஒன்று ஸ்டெபனி என்ற அதிகாரியைப் பணித்தது. பயணப் படிவத்தில் கார், பஸ் என்று இரண்டு கட்டங்களே இருந்தன. கடல் தாண்டுவதற்குக் கட்டம் இல்லை. கனடாவுக்கும் அதே அரசர்தானே என்று மேலிடம் தீர்மானித்து, அவரை பஸ்ஸில் ரொறன்ரோவுக்கு அனுப்பிவைத்தது.

ஸ்டெபனி ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் குஞ்சித்தம்பியின் பேஸ்மென்டில் இரண்டு கிழமை தங்கினார். தான் பிரித்தானியன் இல்லை, திருகோணமலையிலிருந்து வந்த தமிழன் என்று குஞ்சித்தம்பி முதல் நாளே விளக்கமாகச் சொன்னார். ஸ்டெபனி எழுதிக்கொண்டார்: "தன்னடக்கம் மிக்கவர்கள். தம்மைப் பிரித்தானியர் என்று ஒப்புக்கொள்ளவே கூசுகிறார்கள்."

மனைவி கோணேஸ்வரி எட்டுக் கறியோடு சோறு போட்டுவிட்டு, இண்டைக்கு ஒண்டும் சமைக்கேல்லை என்று வருத்தப்பட்டார். அதுவும் அறிக்கையில் ஏறியது: "எதையும் குறைத்தே சொல்வார்கள்." வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதும், போய்வருகிறேன் என்று சொன்னபின் அரை மணித்தியாலம் நின்று கதைப்பதும் முறைப்படி பதிவாயின.

"உது பிழையெல்லோ? திருப்பிச் சொல்லுங்கோ," என்றார் கோணேஸ்வரி.

"சொல்லிப் பாத்திட்டன். சொல்லச் சொல்ல நான் இன்னும் பிரித்தானியன் ஆகிறன்."

அறிக்கை ஏற்கப்பட்டு எல்லையெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்தில் கரோலின் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வந்து கதவைத் தட்டினார். லண்டனில் பிறந்து வளர்ந்தவர். எல்லையில் சப்பாத்தைக் கழற்றாததால் போலிப் பிரித்தானியர் என்று திருப்பிவிட்டார்களாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இந்த வீட்டு விலாசம் இருந்ததாம். குஞ்சித்தம்பி மூன்று நாள் பழக்கினார். நாலாம் நாள் கரோலின் எல்லையில் சப்பாத்தைக் கழற்றி, போய்வருகிறேன் என்று சொல்லி, அரை மணித்தியாலம் போகாமல் நின்றார். மரியாதையோடு உள்ளே விட்டார்கள்.

அந்தத் தை மாதம் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோவில் மகள் தனுசியாவுக்குப் பிள்ளை பிறந்தது. பேத்தியைப் பார்க்கக் குஞ்சித்தம்பி தனியே காரோட்டிப் போனார். எந்த நாடு என்று எல்லையில் கேட்டார்கள். கனடியன் என்று பாஸ்போர்ட்டை நீட்டினார்.

அதிகாரி இன்னொரு கோவையைப் புரட்டினார். கனடியர் பற்றிய அந்த அறிக்கை, பனிக்காலத்தில் குளிருக்குத் தப்பி வந்த கனடியர்களைப் பார்த்து, புளோரிடாக் கடற்கரையில் தயாரானது.

"கனடியர் அரைக்காற்சட்டைதான் போடுவார்கள். நீங்கள் ஜக்கெட்டோடு வந்திருக்கிறீர்கள்."

வெளியே, கொட்டும் பனிக்குள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது. தகப்பன் மிஞ்சிய அரைக்காற்சட்டையை இவரிடம் நீட்டினார். குஞ்சித்தம்பி போட்டுக்கொண்டு, பல் கிடுகிடுக்கத் திரும்பி வந்தார்.

அதிகாரி மேலும் கீழும் பார்த்து, "அசல் கனடியன்," என்று முத்திரை குத்தினார்.

குடியுரிமை எடுத்து இருபத்தெட்டு வருடம். ஒரு அதிகாரியும் அவரை இப்படிச் சொன்னதில்லை. குஞ்சித்தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.