மாப்பிள்ளை விமானமும் இருநூறு அடியும்

ஒரு காட்டில் சடையப்பன் என்ற கரடி சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருந்தது. கரடிக்கு ஏது விமானம் என்று கேட்காதீர்கள். சிங்கராஜாவே கேட்கவில்லை, நமக்கென்ன வந்தது?

அந்த விமானத்தில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத மூடுபனியிலும், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் கேட்டுக் கேட்டு, ஓடுபாதையின் தலைமாட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடும். கூடவே ஒரு விதிப்புத்தகம். 'இருநூறு அடி உயரம் வரை பெட்டி காட்டும் கோட்டைப் பிடித்து இறங்கு. அங்கே ஓடுபாதை எதிரே தெரிந்தால் தரையைத் தொடு. தெரியாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறு.' சடையப்பன் அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கும். அவ்வளவு பயபக்தி.

ஏழு வரன் தட்டிப்போய், எட்டாவதாக அதற்குக் கல்யாணம் கூடியது. மலைக்கு அந்தப்பக்கக் காட்டுக் கரடிப் பெண், பெயர் செங்கமலம். பார்த்த அன்றே சடையப்பனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். தப்பினால் பெண் கிடையாது என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டது.

முந்தின நாள், பெண் வீட்டுக்கு வேண்டப்பட்ட சம்புலிங்கம் என்ற நரி கூடை கூடையாகப் பூவோடு வந்து இறங்கியது. “மாப்பிள்ளை வண்டி மொட்டையாவா வரும்? ஊரு சிரிக்காது?” என்று முன்கண்ணாடி முழுக்க மல்லிகைச் சரத்தை நெருக்கி நெருக்கிக் கட்டியது. கட்டி முடித்ததும் நிற்கவில்லை, அன்றே ஊர் திரும்பிவிட்டது. சடையப்பனுக்கு முப்பத்திரண்டு பல்லும் வெளியே.

காலையில் கிளம்பும்போதே எதிரே வெள்ளையாக இருந்தது. நல்ல பனி என்று நினைத்துக்கொண்டது. சொந்த மைதானம் என்பதால் நேராக ஓட்டி ஏறிவிட்டது. மலையைத் தாண்டியதும் பெட்டி கோடு போட்டது. அதைப் பிடித்து இருநூறு அடிக்கு இறங்கினால், எதிரே அதே வெள்ளை. சடையப்பன் மேலே ஏறிவிட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை.

வயர்லெஸ்ஸில் செங்கமலத்தின் குரல் வந்தது. “ஏங்க, எங்க தலைக்கு மேல வரைக்கும் வந்துட்டு எதுக்குத் திரும்பிப் போறீங்க?”

“ஒரே பனி, செங்கமலம்.”

“பனியா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது! அது பூவுங்க, பூ!”

சடையப்பன் உற்றுப் பார்த்தது. அட, ஆமாம். பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தது. ஓடுபாதை, பந்தல், வாழைமரம், செங்கமலத்தின் அரக்குப் புடவை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதற்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

“பார்த்துட்டேன்! நீ ரொம்ப அழகா இருக்கே!”

“அப்போ இறங்குங்க!”

“புத்தகத்துல ‘எதிரே தெரிந்தால்’னு இருக்கு. பக்கத்துல தெரிஞ்சா என்ன செய்யறதுன்னு இல்லையே.”

“கடவுளே! மணி பத்தேகாலுங்க!”

“பனின்னா என்ன செய்யணும்னு போட்டிருக்கு. பூன்னா என்னன்னு போடலை. கொஞ்சம் இரு, கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துடறேன்.”

சடையப்பன் மூன்றாம் தடவை மேலே ஏறியது.

கீழே சம்புலிங்கம், எதற்கும் இருக்கட்டும் என்று, பட்டு வேட்டியில் நின்றுகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கையைப் பிசைந்தது. செங்கமலம் வானத்தைப் பார்த்தது, நரியைப் பார்த்தது. “நரியோ பரியோ, இதாவது தரையில நிக்குது. கட்டச் சொல்லுங்கப்பா” என்றது.

சடையப்பன் நூற்றுப் பதினான்காம் பக்கம் புரட்டும்போது வயர்லெஸ்ஸில் கெட்டிமேளம் கேட்டது. பாவம், விக்கி விக்கி அழுதது. எரிபொருள் கால்வாசிக்குக் குறைந்தால் மாற்று ஓடுபாதைக்குப் போ என்று விதி இருந்ததால், அழுதுகொண்டே அங்கே திரும்பியது. போகிற வழியில் காற்றடித்துப் பூவெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. இப்போது எதிரே ஓடுபாதை துல்லியமாகத் தெரிந்தது. சடையப்பன் நடுக்கோட்டில் பிசகாமல் இறங்கியது.

வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஓடுபாதையின் பரிசோதகர் ஆந்தை ஓடிவந்து கையைக் குலுக்கியது. “முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கான விமானியைப் பார்த்ததில்லை!” சட்டம் போட்ட சான்றிதழை நீட்டியது.

“எனக்கு முகூர்த்தம் தப்பிடுச்சுங்கய்யா” என்றது சடையப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“அதுக்கென்ன? கோடு தப்பலையே!” என்றது ஆந்தை.

நீதி: விதிப்புத்தகமும் கட்டிக்கொள்ளப் போகிறவளும் ஒரே நேரத்தில் பேசினால், சான்றிதழ் கொடுப்பவர் யார் பக்கம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளவும்.