முருங்கையிலைப் பெட்டிக்குள் பாரைக் கருவாடு

ஒரு பெட்டியில் இடம் மிச்சமிருப்பதை யாழ்ப்பாணத்தாரால் தாங்கிக்கொள்ள முடியாது. யாராவது வெளிநாட்டுக்குப் போனால் அவருடைய உடுப்பு பெட்டியின் ஓரத்தில்தான் இருக்கும். மிச்சமெல்லாம் ஊராரின் பொட்டலங்கள். இந்த நல்ல பழக்கத்தை நான் விமானச் சரக்குத் துறைக்குள்ளும் கொண்டுபோனேன். துறை அதற்குத் தயாராக இருக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சுன்னாகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்து ஆறு வாரம். (வீட்டில் நான் "ஏற்றுமதி அதிகாரி". பதவி கொடுத்தது அம்மா.) முதலாளி சிவநேசன் அண்ணை ஒருநாள் எனக்குச் சரக்கு வகைகளை விளக்கினார். ஒருவருடைய பொருளே முழுக் கொள்கலனையும் நிரப்பினால் ஒரு வகை. பலருடைய பொருள்கள் ஒரே கொள்கலனைப் பங்குபோட்டால் இன்னொரு வகை. இவ்வளவும் கேட்டேன். "அட, இது எங்கள் அம்மா செய்கிற வேலைதானே!" என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு சுடச்சுட ரோல்ஸ் வந்தது. பங்குபோட்டாலும் ஒவ்வொருவர் பொருளுக்கும் தனித்தனிப் பத்திரம் வேண்டும் என்று அண்ணை அடுத்ததாகச் சொன்னாராம். நான் ரோல்ஸில் இருந்தேன்.

அந்த வாரம்தான் சண்டிலிப்பாய் யோகமலர் அக்கா ஒரு பெட்டியோடு வந்தார். புகையிலைத் தோட்டத்தில் பாதியை அழித்து முருங்கை நட்டு, இலையைக் காயவைத்துத் தூளாக்குபவர். ஜேர்மனியில் ஒரு கடைக்காரர் மாதிரிக்கு ஒரு பெட்டி கேட்டிருந்தார். சனிக்கிழமை அங்கே நடக்கும் உணவுக் கண்காட்சியில் அதை வைப்பாராம். சனத்துக்குப் பிடித்தால் மாதாமாதம் ஓடர்.

"பிள்ளை, இது பிழைச்சா அடுத்த போகம் திரும்பப் புகையிலைதான்," என்றார் அக்கா. "மாடு தின்னுற இலையை ஜேர்மன்காரன் தின்னுவானோ எண்டு என்ரை மனுசன் ஒவ்வொரு நாளும் கேக்கிறார். புகையிலை நாத்துமேடைக்கு இடமும் பாத்திட்டார்."

"நான் இருக்கிறன் அக்கா, யோசியாதேங்கோ," என்றேன். (இன்றைக்கும் இந்த வசனம் நினைவு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.)

பெட்டியை நிறுத்தோம். பதினெட்டு கிலோ. விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், தாவர நலச் சான்றிதழ், விமானச் சரக்குப் பத்திரம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்பினேன். இப்போதெல்லாம் பெட்டி போய்ச் சேர முன்னமே அதைப் பற்றிய கதை கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்விடும். எங்கள் ஊரில் ஆட்களுக்கே அப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்கு அது புதுமையாகத் தெரியவில்லை.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை; அலுவலகம் பூட்டு. கொழும்புக்குப் போகும் வான் வண்டி எங்கள் வீட்டு ஒழுங்கை முகப்பில் பெட்டியை ஏற்றுவதாக ஏற்பாடு. அதனால் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைத் தட்டிப் பார்த்தார்.

"உந்தப் பெட்டியிலை மேலை இடம் கிடக்குப் போல?"

"நுரை வைச்சிருக்கு அம்மா. அலுங்காமல் போக."

"நுரையை ஜேர்மனிக்கு அனுப்புறியளோ?" என்றார் அம்மா, மனம் நொந்து.

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. நுரையை எடுத்தேன். ஜேர்மனியில் இருக்கும் சொந்தங்கள் கடைக்காரரிடம் போய் எடுத்துக்கொள்வார்களாம். பெரியம்மாவின் மகனுக்கு ஒடியல் மா வந்தது. சித்தப்பாவுக்கு மிளகாய்த்தூள் வந்தது. எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த குருநகர் மேரி ரீச்சர், தம்பிக்கென்று ஒரு முழுப் பாரைக் கருவாட்டோடு வந்தார். "மூண்டு பையிலை சுத்தியிருக்கிறன், மணக்காது." இதுதான் பங்குச் சரக்கு என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லியபடியே, முன்பிருந்ததைவிட அழகாகப் பெட்டியை ஒட்டினேன்.

வியாழன் பகல் இரண்டரை மணிக்குத் தொலைபேசி வந்தது. விமான நிலையத்தில் எங்கள் அலுவல்களைப் பார்க்கும் நீர்கொழும்பு அன்ரன் அண்ணை.

"தங்கச்சி, பத்திரத்திலை பதினெட்டுக் கிலோ. தராசிலை இருபத்துமூண்டு. முருங்கையிலைத் தூள் எண்டு போட்டிருக்கு. ஸ்கானிலை வாலோடை ஒரு மீன் தெரியுது."

"மூண்டு பையிலை சுத்தினது அண்ணை," என்றேன்.

"நல்ல பாரை," என்றார், ஆறுதலுக்கு.

பெட்டி மறிக்கப்பட்டது. அன்றைய விமானம் போய்விட்டது. உரிமையாளர் கையொப்பமிட்ட கடிதம் நான்கு மணிக்குள் போனால் அதிகாரி முன்னிலையில் திறந்து, வேண்டாததை எடுத்துவிட்டு, மறுநாள் விமானத்தில் ஏற்றலாம். இல்லையென்றால் சனிக்கிழமை இல்லை, கண்காட்சி இல்லை, முருங்கையும் இல்லை.

ஓட்டோ பிடித்துச் சண்டிலிப்பாய்க்குப் போனேன். யோகமலர் அக்கா கையெல்லாம் பச்சையாக இலை உதிர்த்துக்கொண்டிருந்தார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா இலையைக் கீழே வைத்தார்.

"என்ன கருவாடு?"

"பாரை அக்கா."

கையைத் துடைத்து, நான் கொண்டுபோன கடிதத்தில் ஒப்பமிட்டார். "மனுசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

"நான் கேட்டிட்டன்," என்று பின்னால் ஒரு குரல். அவருடைய கணவர்! நாத்துமேடைக்கு இடம் பார்த்த அதே மனிதர். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். "ஏறு பிள்ளை. இஞ்சை இன்ரநெற் வேலை செய்யாது. மூண்டரை ஆகுது."

சுன்னாகச் சந்தையின் வெங்காய லொறிகளுக்கு இடையால் புகுந்து, நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க என்னை அலுவலகத்தில் இறக்கிவிட்டார். கடிதம் போன செய்தி வரும்வரை வாசலிலேயே நின்றார். "போட்டுதோ?" என்றார். "ஓம்," என்றேன். அப்போதுதான் முகத்தைத் துடைத்தார்.

சிவநேசன் அண்ணை என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. சுங்க அதிகாரிகளுக்குப் போன மன்னிப்புக் கடிதத்தில் தவறு தன்னுடையது என்று எழுதியிருந்தார். "இனிப் பாடம் முடிஞ்ச பிறகுதான் ரோல்ஸ்," என்றதோடு சரி. அன்ரன் அண்ணை வேண்டாத பொட்டலங்களை ஒன்றும் குறையாமல் பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். மேரி ரீச்சர் அந்தப் பாரையைப் பொரித்து எனக்கும் ஒரு துண்டு தந்தார். "கட்டுநாயக்கா பாத்திட்டு வந்த மீன், சாப்பிடு." என்னை ஏசியிருக்க வேண்டிய எல்லோரும் எனக்கு ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். அந்தக் கடன் எனக்கு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

கண்காட்சி திறக்க ஒரு மணித்தியாலம் முன்பு பெட்டி போய்ச் சேர்ந்தது. ஜேர்மன்காரன் இலையைத் தின்றான். ஓடர் வந்தது. இப்போது அந்தத் தோட்டத்தில் புகையிலையே இல்லை. இன்றைக்கும் அக்காவின் பத்திரங்கள் என் கையால்தான் போகின்றன. அனுப்புவதற்குச் சற்று முன் தொலைபேசி அடிக்கும்.

"பிள்ளை, கருவாடு?"

"இல்லை அக்கா."

"அப்ப அனுப்பு."

என் கலியாணத்துக்கு அக்காவும் கணவரும் ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தார்கள். மேலே முறையாக அச்சடித்த பொதிப்பட்டியல். முருங்கையிலைத் தூள், பன்னிரண்டு பைக்கற். பட்டுச் சேலை, ஒன்று. கருவாடு, இல்லை. நிறை, சரிபார்க்கப்பட்டது. கீழே இருவரின் ஒப்பம். மண்டபமே சிரித்தது. நான் மணவறையில் இருந்து அழுதேன், சந்தோசத்தில்தான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைச் சுற்றிவந்து மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, அக்காவின் காதருகே குனிந்து கேட்டார்:

"உதுக்குள்ளை மேலை கொஞ்சம் இடம் கிடக்கோ?"