மாடி வீட்டு சகலையும் ஓசி டேட்டாபேஸும்

"இந்த ரேட்டுக்கு வேற ஆளைப் பாருங்க. முதல்ல ஆறு மாசம்னீங்க, இப்ப மூணுங்கறீங்க. நான் கோவப்படலங்க, நீங்கதான் கத்துறீங்க. எனக்கு இன்னும் நாலு பேரு லைன்ல இருக்காங்க. வெக்கிறேன்."

மாடி பால்கனியில நடந்த இந்த ஃபோன் சண்டையை, கீழ் வீட்டு மூத்த மாப்பிள்ளை ஒரே ஈரத்துண்டை உதறி உதறிக் காயப்போட்டுக்கிட்டே முழுசா கேட்டாரு. மேல பேசினது அவரோட சகலை. பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன்.

ரெண்டு பேருக்கும் ஒரே தொழில். கம்பெனியோட கணக்கு வழக்கு, ஆள் விவரம் எல்லாம் குடியிருக்குற டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிறது. இவரு மேய்க்கிறது காசைக் கொட்டி லைசென்ஸ் வாங்குற ஜாதி. ஒரே கம்பெனியில பர்மனென்ட், தலை நரைச்சதே அங்கதான். சகலையோடது ஓப்பன் சோர்ஸ். யாரு வேணா இறக்கிக்கலாம், சல்லிக்காசு கிடையாது. அவன் ஊர் ஊரா கான்ட்ராக்ட்ல ஓடுறவன்.

"ஓசியில கிடைக்கிற சாமானுக்கு இவ்வளவு கிராக்கியா?" பொண்டாட்டிகிட்ட பொருமினாரு.

"சாமான்தாங்க ஓசி. ஓட்டத் தெரிஞ்ச ஆளு கிடைக்கலையாம், தங்கச்சி சொன்னா. உங்களை யாராவது கூப்பிட்டாங்களா?"

"போன வாரம் கூட ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சே."

"அது லோன் வேணுமான்னு கேட்ட பொண்ணு."

அன்னிக்கே வேலை தேடுற வெப்சைட்டுக்குப் போய், பயோடேட்டாவுல 'ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ், எட்டு வருஷ அனுபவம்'னு ஒரு வரி சேர்த்தாரு. எட்டு வருஷமா அதைப் பாத்து வயிறெரியறதும் அனுபவம்தானேன்னு மனசுக்கு ஒரு சமாதானம்.

மறுநாள்லேருந்து ஃபோன் ஓயல. மாடிக்குக் கேக்கட்டும்னு ஜன்னலை விரியத் திறந்து வெச்சு பேசினாரு. ஆனா ஃபோனுக்கு வீடு ஏது, ஆபீஸ் ஏது? மீட்டிங் நடுவுல, "ஆமாங்க, ஓப்பன் சோர்ஸ்ல எட்டு வருஷம்"னு அவரு குசுகுசுத்தது மேனேஜர் காதுல விழுந்துடுச்சு.

"யாரு சார் ஃபோன்ல?"

"நம்ம கம்பெனிக்காக விசாரிச்சேன் சார். அதுக்கு மாறிட்டா லைசென்ஸ் செலவே இல்ல பாருங்க." வாயில வந்ததைச் சொல்லிட்டாரு.

மேனேஜருக்கு முகமெல்லாம் பல்லு. "இதை ஏன் சார் இத்தனை நாளா சொல்லல? வெள்ளிக்கிழமை கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க."

ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டாந்து, மாதிரிக்கு ஒரு பகுதியை மட்டும் ஓசி டேட்டாபேஸுல ஏத்திப் பாத்தாரு. ஏறுச்சு. ஆனா ஆளுங்க பேரெல்லாம் கேள்விக்குறியா வந்து நின்னுச்சு. மேனேஜர் பேரு இருக்கவேண்டிய இடத்துலயும் வரிசையா கேள்விக்குறி. அழிச்சிட்டு மறுபடி ஏத்தினாரு. இப்ப பதவியும் கேள்விக்குறி.

"மாடிக்குப் போய்க் கேளுங்களேன்" னு சொன்னா பொண்டாட்டி.

"அவன்கிட்டயா? வேலையே போனாலும் சரி."

"போனா எதைத் திங்கறது, உங்க ரோஷத்தையா?"

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் படியேறினாரு. "என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு சின்ன சந்தேகம், சகலை."

லேப்டாப் மேல ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை சகலை ஒரு தடவை பாத்தான். பழைய டேட்டாபேஸுல எழுத்தை எந்த வகையில எழுதி வெச்சிருந்தாங்களோ, அதே வகையைப் புதுசுக்கும் சொல்லிக் குடுத்தான். டீ ஆறுறதுக்குள்ள பேரெல்லாம் பேராயிடுச்சு.

"உங்க ஃப்ரெண்டுக்கு லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பாங்களா, சகலை?"

"எதுக்குப் பிடிக்கணும்?"

"காய்ச்சல் வந்தா?"

"அதுக்குத் தனி லீவு."

சகலை ஒரு பெருமூச்சு விட்டான். நக்கல் பண்றான்னு இவருக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கை தட்டினாரு. "மொத்த கம்பெனியையும் மாத்திடலாம். நீங்கதான் பொறுப்பு."

இவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வைத்தியம்தான். சாயம் வெளுத்தா இத்தனை வருஷ வேலையும் போகும், மானமும் போகும். அந்த நேரம் பாத்து, வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் ஒருத்தன் கூப்பிட்டான்.

"மூணு மாச கான்ட்ராக்ட் சார். ஒருத்தரு ரேட் பத்தலைன்னு சண்டை போட்டுட்டுப் போயிட்டாரு."

சகலை விட்ட அதே வேலை. இவருக்கு நாக்குல தேன் தடவின மாதிரி இருந்துச்சு. "அவரு கேட்டதுல பாதி குடுங்க, நான் வரேன்."

இன்டர்வியூல கேட்டாங்க: "டேட்டாவை மாத்தும்போது பேரெல்லாம் கேள்விக்குறியா வந்தா என்ன பண்ணுவீங்க?" வாழ்க்கையில இவருக்கு விடை தெரிஞ்ச ஒரே கேள்வி. எடுத்துக்கிட்டாங்க.

"பர்மனென்ட்டை விட்டுட்டு மூணு மாச வேலைக்கா?" பொண்டாட்டி தலையில கை வெச்சா.

"அப்புறம் நாலு பேரு லைன்ல வருவாங்கடி."

ராஜினாமா குடுத்த சேதியை மாடிப்படியிலயே வெச்சு சகலைகிட்ட சொன்னாரு. சகலை இவரு கையைப் பிடிச்சுக் குலுக்கினான், குலுக்கினான், விடவே இல்ல. கண்ணு கூட கலங்கிடுச்சு. வயித்தெரிச்சல், பாவம்னு நினைச்சாரு. எத்தனையோ நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் ரெண்டு வாய் கூட சாப்பிட்டாரு.

நோட்டீஸ் காலம் முடிஞ்சு, கடைசி நாள் மேஜையைக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வந்தா, கொழுந்தியா கேக் பெட்டியோட நிக்கிறா.

"என்னடி விசேஷம், உன் வீட்டுக்காரருக்கு ரேட்டு ஏத்திட்டாங்களா?" னு கேட்டா அக்கா.

"ஐயோ, அந்தப் பொழைப்பே வேண்டாங்கா. பர்மனென்ட் வேலை கிடைச்சிருக்கு. மூணு மாசத்துக்கு ஒருதரம் வேலை தேடி, காய்ச்சலோட ஆபீஸ் போயி, மாமாவைப் பாத்துப் பாத்து ஏங்காத நாளில்ல அவரு."

"எந்த கம்பெனி?" மூத்த மாப்பிள்ளை கேட்டாரு.

கொழுந்தியா ஒரு பெரிய துண்டா வெட்டி அவரு கையில குடுத்தா. "முதல் துண்டு உங்களுக்குத்தான் மாமா. இன்னிக்கு நீங்க காலி பண்ணிட்டு வந்தீங்களே, அந்த நாற்காலிதான்."

திங்கட்கிழமை இவரு புது இடத்துக்குப் போகணும். அங்க ஒரு சந்தேகம் வந்தா கேக்கறதுக்கு மாடி வீட்டை விட்டா ஆளில்ல. படியேறலாமா, வேணாமா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? கீழே எழுதுங்க, அவரு படிக்கிறாரு.