எந்த சர்பஞ்சு?

"அண்ணா, மொதல்ல நாற்காலிய வுட்டு எழுந்திரு. மேடம் புத்தூரு தாண்டிட்டாங்களாம்."

பஞ்சாயத்து ஆபீஸ் அட்டெண்டர் ரமணா இப்படிச் சொன்னதும் மோகன்ராஜ் துள்ளி எழுந்தான். மேடம் என்றால் திருப்பதி மேடம்; பெண் சர்பஞ்சுகள் சங்கத்தின் தலைவி. ஆந்திராவில் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சர்பஞ்சு என்று பெயர். மனைவியின் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும், போட்டோ பிடித்து நேரே கலெக்டருக்கு அனுப்பிவிடுவாராம். போன மாசம் எங்கேயோ ஒருத்தனுக்கு அப்படித்தான் பதவியும் போய், கேசும் விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. போனது அவன் மனைவியின் பதவி என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பாலசமுத்திரம் பக்கத்து அந்தக் கிராமத்தில் ஓட்டு வாங்கி ஜெயித்தவள் மோகன்ராஜின் மனைவி சுமித்ரா. பிரமாணம் எடுத்த அன்றைக்கு மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் மோகன்ராஜ் சர்பஞ்சு, அவள் சர்பஞ்சு பெண்டாட்டி. ஊரும் அதற்குப் பழகிவிட்டது.

"சர்பஞ்ச உடனே ஆபீசுக்கு வரச் சொல்லு" என்று ரமணாவிடம் சொல்லிவிட்டு, மோகன்ராஜ் ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ரமணா அதை ஆட்டோக்கார இஸ்மாயிலிடம் சொன்னான். இஸ்மாயில் ஊரெல்லாம் தேடி, கடைசியில் தொட்டிக்குப் பின்னால் வந்து மோகன்ராஜின் கையைப் பிடித்தான்.

"இங்க இன்னாணா பண்ணிக்கினு கீற? ஆபீசுல தேடுறாங்க." இழுத்துக்கொண்டு போய் அதே நாற்காலியில் உட்கார வைத்தான்.

"டேய், சர்பஞ்சுன்னா என் பொண்டாட்டிடா."

"அத மொதல்லயே சொல்ல வேணாமாணா?"

மோகன்ராஜ் அதே ஆட்டோவில் வீட்டுக்குப் பறந்தான். சுமித்ரா கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் எதுக்கு மாமா? நீதான சர்பஞ்சு."

"என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க சுமி." நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

"எத்தினி நாளைக்கு?"

அவள் ஆசையாகக் கேட்டாளா, அக்கறையாகக் கேட்டாளா என்று அவனுக்குப் புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான். அவள் கிரைண்டரை நிறுத்தி, கையைக் கழுவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வந்த வழியில்தான் வினை. குழாயடியில் காலிக் குடங்களோடு நின்ற பெண்களைப் பார்த்து இஸ்மாயில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "இன்னிக்கு சுமித்ராக்கா ஆபீசுல உட்காருது" என்று சொல்லிக்கொண்டே வண்டியை விட்டான். சுமித்ரா நாற்காலியில் உட்கார்வதற்குள் ஆபீஸ் முழுக்கப் பெண்களும் குடங்களும். மோகன்ராஜ் வெளியே ஜன்னலோரம் பதுங்கினான்.

"பள்ளத்தெரு மோட்டாரு ரிப்பேராகி எம்மா நாளாவுது" என்றாள் ஒருத்தி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் சுமித்ரா.

"சர்பஞ்சு கிட்ட சொன்னோமே."

"எந்த சர்பஞ்சு?"

அத்தனை தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. மோகன்ராஜ் குனிந்துகொண்டான். இவளை உட்கார வைத்துத் தப்பிக்கப் பார்த்தால், இவளே நம்மை மாட்டிவிடுவாள் போலிருக்கிறதே. மேடம் காதில் இது விழுந்தால் ஜாமீன்கூடக் கிடைக்காது.

"ரமணா, மெக்கானிக்குக்குப் போன் போடு. நானே பேசறேன்" என்றாள் உள்ளே சுமித்ரா. முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பயம் அதிகமானது.

அப்போது வெள்ளைக் கார் வந்து நின்றது. ஏழுமலையானே, இந்த ஒரு தடவை காப்பாத்து, மொட்டை போட்டுக்கறேன் என்று வேண்டிக்கொண்டு கண்ணை மூடினான். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், வெள்ளை வேட்டியும் முறுக்கு மீசையுமாக ஓர் ஆள் விறுவிறுவென்று ஆபீசுக்குள் போய்க்கொண்டிருந்தார். காரில் டிரைவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

மோகன்ராஜ் மெல்ல டிரைவரிடம் போனான். "மேடம் எங்கப்பா? பின்னால வேற வண்டியில வர்றாங்களா?"

டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அதோ, மீசைய முறுக்கிக்கினு உள்ள போறாரே, அவருதாணா மேடம்."