வாய்விட்டுப் படிக்கும் டாக்டர்

படிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், படிக்காதவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. படித்ததை யாருக்காவது விளக்காவிட்டால் இவர்களுக்கு மூச்சு முட்டும். வகுப்புக்குப் போகமாட்டார்கள். அங்கே ஆசிரியரல்லவா பேசிக்கொண்டிருப்பார்! ஆகவே, "நானே படிச்சுக்கறேன்" என்று வீட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்கள் மாடி வீட்டில் அப்படி ஒருவன் இருந்தான். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதி, கேள்வித்தாள்தான் தரமில்லை என்று கண்டுபிடித்தவன். வீட்டில் அவனுக்கு 'டாக்டர்' என்றே பெயர்.

டாக்டர் உயிரியல் புத்தகத்தில் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள், மிக முக்கியமானவற்றுக்குப் பச்சை, செத்தாலும் மறக்கக்கூடாதவற்றுக்கு ரோஸ் என்று பூசிக்கொண்டே போய், ஒரே மாதத்தில் பூசாத வரியே இல்லாமல் செய்துவிட்டு, படிப்பதற்கென்று இன்னொரு பிரதி வாங்கினான். பிறகு ஆள் தேடினான். அப்பா பஸ் ஓட்டப் போய்விடுவார். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாதவள் அக்கா ஒருத்திதான். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்துத் தேறி, அதோடு படிப்பை நிறுத்தி, ஊராருக்கு ரவிக்கை தைப்பவள். மாட்டிக்கொண்டாள்.

காலையில் சிறுநீரகம், மதியம் வேதியியல், சாயங்காலம் மின்சாரம். அவள் வாய் திறந்தால் போச்சு.

"ஏன்டா, அந்தக் குழாய்ல தண்ணி மட்டும் ஏன் வெளியே போகுது?"

"குறுக்கே பேசாதக்கா. எனக்கு ஓட்டம் விட்டுப்போகுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டிலேயே மாதிரித் தேர்வு வைத்துக்கொண்டான். உயிரியல் மட்டும், தொண்ணூறு கேள்வி. அப்பா இருமக்கூடாது, குக்கர் கூவக்கூடாது என்று உத்தரவு. ஆனால் பழக்கதோஷம், கேள்விகளை அவனே உரக்கப் படித்தான்.

"சிறுநீரகக் குழாயில், ஹென்லே வளைவின் இறங்கு பகுதியில் வெளியேறுவது எது?"

"தண்ணி," என்றாள் அக்கா, ஊசியில் நூல் கோத்தபடி.

"அவசரப்படாதே. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு." உப்பு என்று குறித்தான்.

அதன்பின் அக்கா தன் விடைகளை வெட்டுத்துணி ஒன்றில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டே வந்தாள். புத்தகத்தின் பின்னாலிருந்த விடைகளைப் பார்த்து அப்பாதான் திருத்தினார். தாளைத் திருத்திவிட்டு, துணியையும் வாங்கித் திருத்தினார். டாக்டருக்கு நாற்பத்தொன்று சரி. துணிக்கு எழுபத்து மூன்று.

அப்பா அடக்கிவைத்திருந்த இருமலை ஒருவழியாக இருமி முடித்துக் கேட்டார்:

"இதுல யாருப்பா பரீட்சை எழுதப் போறது?"

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் விழுமா? "அவளுக்கென்ன, நல்ல வாத்தியார் கிடைச்சிட்டாரு. எனக்கு யாருப்பா இருக்கா?" என்றான்.

அக்கா சிரிக்கவில்லை. துணியை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். "அந்த விண்ணப்பம்... இன்னும் குடுக்கறாங்களா?" என்றாள் மெதுவாக.

டாக்டரே விண்ணப்பத்தை வாங்கிவந்து, ஒவ்வொரு கட்டமும் எதற்கென்று விளக்கியபடி நிரப்பிக் கொடுத்தான். இருவரும் எழுதினார்கள். அக்காவுக்கு இடம் கிடைத்தது. அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று வாசலில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, "எலும்புகள் இருநூத்தி ஆறு, மறந்துடாதே," என்றான் டாக்டர். இப்போது அம்மாவுக்கு வேதியியல் நடத்துகிறானாம். சமையலறைத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படித்ததும், "இதன் உட்பொருள் என்ன தெரியுமா?" என்று விளக்குவதற்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தீர்களே, அதை நானும் பார்த்தேன். பாவம், அவரை விட்டுவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும்.