காயில் அண்ணன் சொன்ன தடை

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் எந்த வேலையையும் நேரத்துக்கு முடிக்காமலே நல்ல பேர் வாங்கிய ஒரே ஆள் எங்கள் காயில் அண்ணன்தான். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். எண்பதுகளின் கடைசியில் அவர் கடைக்குப் பக்கத்து விதைக்கடையில் எனக்கு வேலை.

எரிந்துபோன மோட்டாருக்குள் புதுச் செம்புக் கம்பியை எண்ணிச் சுற்ற வேண்டும். ஐம்பத்தெட்டு வரை வருவார். வெளியே லாரி ஹாரன் அடிக்கும். "ஏலே, புது ஹாரனால்ல இருக்கு!" என்று எழுந்து போவார். திரும்பி வந்தால் எண்ணிக்கை போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. பக்கத்துப் பரளச்சி கிராமத்துச் சம்சாரி ஒருவர் மூன்று நாள் வாசலில் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "காயிலு, என் மொளகாச் செடி காயுதய்யா!" என்று அழாத குறையாகக் கத்தினார்.

ஒருவழியாக மோட்டார் போய்ச் சேர்ந்தால் அடுத்த கூத்து. "ஒயரை மாத்திக் குடுத்துருப்பனோ? சுச்சைப் போடயில அவரு செத்துட்டா?" அடுத்த பஸ்ஸில் பரளச்சிக்கு ஓடுவார். மோட்டார் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஆடு குட்டி போடுவதை வேடிக்கை பார்த்து இரண்டு நாள் கழித்து வருவார். இங்கே கடை திறந்தே கிடக்கும். அந்த வெட்கத்தில் மூன்று நாள் போர்வைக்குள் கிடப்பார். "நான் எதுக்கும் லாயக்கில்லடா."

கவனம் சிதறுவது ஒரு கோளாறு, அதோடு பயமும் சோர்வும் கூட்டுச் சேர்ந்து வரும் என்று டாக்டருக்குப் படிக்கும் என் மகள் இப்போது சொல்கிறாள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், "எந்திரிண்ணே, டீ ஆறுது."

அப்பேர்ப்பட்டவருக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த எஸ்தர் டீச்சர். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். மூன்றாவது ஞாயிறு போதகர், "இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்றார். எந்தக் காலத்திலும் யாரும் வாய் திறந்ததில்லை. என் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை எழுந்து நின்றார்!

"ஐயா, தடை நான்தான். எதையும் பாதியில விட்டுருவேன். அப்புறம் பயந்துக்கிருவேன். அப்புறம் படுத்துக்கிருவேன். டீச்சருக்கு இது தெரியாது. அவுக வாழ்க்கை பாழாயிரக் கூடாது."

எனக்கு உயிரே போய்விட்டது. பாவி மனுசன், கிடைத்த ஒரு நல்லதையும் கெடுத்துக்கொண்டாரே!

பெண்கள் பக்கத்திலிருந்து டீச்சர் எழுந்தார். "எல்லாம் தெரியும்யா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்க வீட்டு ஃபேனைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாக. ஒரு மாசமா வேர்த்து ஊத்துது. பயந்தா பக்கத்துல இருக்கேன், படுத்தா எழுப்பி விடுறேன். ஃபேனை மாட்ட மட்டும் அவுகதான் வரணும்."

போதகரே சிரித்துவிட்டார். "தடை ஒன்றுமில்லை" என்று ஓலையை மடித்தார்.

அண்ணன் பொத்தென்று உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, சரின்னுதான சொன்னாக?"

"ஆமாண்ணே."

ஆராதனை முடிவதற்குள் நாலு தடவை கேட்டார். நாற்பது தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.