வேலு அண்ணனின் கம்ப்யூட்டர் பால்

பாயான் பாரு,
ஜனவரி 1993

மரியாதைக்குரிய நாகநாதன் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் தேவகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் தலையாட்டுவேன், அத்தை தரும் காப்பியைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிடுவேன். போன தடவையும் அப்படித்தான் ஆயிற்று. உங்கள் முட்டிவலி தேவலையா? அத்தையின் மல்லிகை பூத்துவிட்டதா?

விஷயம் தாசேக் கெலுகோர் வேலு அண்ணனின் பால். உங்கள் டத்தோ கிராமாட் தெருவுக்குத் தைப்பூசப் பால்குடத்துக்கு வருஷா வருஷம் மொத்தமாகப் பால் சொல்வது நீங்கள்தான். இந்த வருஷம் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாம். காரணம் நான் அவர் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்த பெட்டி. "பால்குட ஆர்டர் போச்சுன்னா அந்தப் பொட்டி சங்காத்தமே நமக்கு வேணாம் தங்கச்சி" என்கிறார் அவர். அவர் வேண்டாம் என்றால் என் கம்பெனிக்கு நானும் வேண்டாம். எங்கள் பெட்டியை வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பெட்டி செய்வது சின்ன வேலை. ஒவ்வொரு மாட்டின் கழுத்துப் பட்டையிலும் ஒரு வில்லை இருக்கும். மாடு தலையை உள்ளே விட்டால், பெட்டியில் உள்ள கம்ப்யூட்டர் வில்லையை வைத்து இது இன்ன மாடு என்று கண்டுபிடித்து, அதற்கு உண்டான தீவனத்தை மட்டும் கொட்டும். கறக்கிற மாட்டுக்கு நிறைய, கறவை நின்ற மாட்டுக்குக் கொஞ்சம். அவ்வளவுதான். "நம்ம குடும்பத்துல முதல் பட்டதாரி மாட்டுக்குப் புண்ணாக்கு போடவா போனா?" என்று அத்தை கேட்டதாக அம்மா சொன்னார். ஒரு விதத்தில் ஆமாம்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாட்டுப் பொங்கல் வரைக்கும். அன்றைக்கு வேலு அண்ணனின் மனைவி ருக்குமணி அக்கா எல்லா மாடுகளுக்கும் பட்டையைக் கழற்றிக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, வில்லைகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து விளக்குக்கு முன்னால் அடுக்கிச் சூடம் காட்டியிருக்கிறார். பூஜை முடிந்ததும், இருப்பதிலேயே அழகான பட்டையை எடுத்துத் தன் செல்லமான கருப்பாயிக்குக் கட்டிவிட்டார். கருப்பாயி கறவை நின்ற கிழம். பட்டையோ நிறையப் பால் கறக்கும் வெள்ளச்சியுடையது. வெள்ளச்சிக்குக் கருப்பாயியின் பட்டை. அப்புறம் கேட்க வேண்டுமா? கருப்பாயி தலையை விடும்போதெல்லாம் பெட்டி கொட்டோ கொட்டென்று கொட்ட, அது தின்று வயிறு உப்பி, டாக்டர் வந்து, வெள்ளச்சி ஒரு பிடித் தீவனத்தைப் பார்த்துத் தொழுவம் அதிரக் கத்தி, பால் பாதியாகி, வேலு அண்ணன் எனக்குப் போன் போட்டு, "தங்கச்சி, பொட்டி ஆளு பாத்துப் போடுதுலா!" என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் திரையில் எல்லாம் சரி, தொழுவத்தில் எல்லாம் தப்பு. பட்டை மாறியதைக் கண்டுபிடித்து ருக்குமணி அக்காவிடம் சொன்னால், "நல்ல நாளும் அதுவுமா மூத்ததுக்குப் பழைய பட்டையா கட்டுவாங்க?" என்று என்னையே கேட்டார். பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித் தரவில்லை மாமா.

பட்டையை மாற்றிக் கட்டிவிட்டோம். ஆனால் பேச்சு அதற்குள் கடல் பாலம் தாண்டித் தீவில் உங்கள் பக்கம் வந்துவிட்டது. அதிலிருந்து வேலு அண்ணனின் வேனில் நானும் ஏறிக்கொண்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வருகிறேன். பயமாகவும் இருக்கிறது, கேட்கக் கேட்க ஆசையாகவும் இருக்கிறது. உங்கள் எதிர்வீட்டுக் கமலாம்பிகை ஆன்ட்டி, "கரண்டுப் பாலக் குடிச்சா புள்ளைங்களுக்குக் கண்ணாடி போட வேண்டி வருமாம்" என்று பாதியாகக் குறைத்துவிட்டார். பசார் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் பஷீர் பாயோ 'கம்ப்யூட்டர் பால் டீ' என்று பலகையே மாட்டிவிட்டார். "பள்ளிக்கூடம் தொறந்தாச்சுலா, புள்ளைக்கு ஒரு கிளாஸ் குடுங்க, கணக்கு தானா வரும்" என்கிறார், அம்மாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பால் தண்ணியாகிவிட்டது என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் முன்னைவிடக் கெட்டி என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே கேனிலிருந்துதான் ஊற்றினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கும் ஊற்றினோம். நான் வேனுக்குள்ளேதான் இருந்தேன், இறங்கக் கூச்சம். நீங்கள் சொம்பை முகர்ந்து, தெருவே கேட்க, "என்ன வேலு, ஒயர் கருகின வாடை அடிக்குது! இதையா சாமி தலையில ஊத்துறது?" என்று மல்லிகைச் செடிக்குக் கொட்டினீர்கள். "நாகநாதண்ணே மூக்கு பொய் சொல்லாது" என்று தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது.

உங்களிடம் வாதம் செய்ய எனக்கு வயதும் இல்லை, வாயும் இல்லை. அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

பணிவுள்ள,
தேவகுமாரி

பி.கு.: இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். கருப்பாயிக்கு வயிறு உப்பிய அன்றே, பட்டை மாறியதை நான் சொல்லியும் கேட்காமல், பெட்டியில்தான் கோளாறு என்று கம்பெனி ஆட்கள் அதைக் கழற்றி இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். இன்றுவரை அது என் மேசைக்குக் கீழேதான் இருக்கிறது, நான் கால் வைத்துக்கொள்கிறேன். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டோம். ஆகவே பஷீர் பாயின் டீயும், கமலாம்பிகை ஆன்ட்டி பயந்ததும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முகர்ந்ததும், எல்லாமே ருக்குமணி அக்கா தன் கையால் தீவனம் வைத்துக் கறந்த பால். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலையில் ஒரு போன் போட்டு, பால்குடத்துக்கு அவர் பால்தான் என்று வேலு அண்ணனிடம் சொல்லிவிடுகிறீர்களா, மாமா?